மாத்தாள் வரும்வரை

— இன்னாமே ரோஸி, முந்திகினியா? நைனா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சே முடிச்சிட்ட போல! கேட்டாண்ட வரும்போதே பளீர்னு தெரிஞ்சிது.

— நானா? நான் இன்னும் சுண்ணாம்பே கரைக்கலண்ணா. தோ பாரு, வாளியில கட்டி கட்டியா அப்படியே கீது.

— அப்ப யாரு அடிச்சது?

— கிட்ட வந்து தொட்டுப் பாரேன்.

— ஈரமா கீதே... த்தூ! கர்மம்! இன்னாமே இது, கையில கொழகொழன்னு ஒட்டுது? பீ நாத்தம் நாறுது!

— பீதான். தலைய தூக்கி மேல பாரு.

— யம்மாடி! அத்தினியும் நாரையா? மரத்துல எலையே காணோம்!

— நத்தகுத்தி. மூக்கு ரெண்டும் சேராம நடுவுல சந்து வுட்டுகினு கீது பாரு. கூடு கட்டி அடைகாக்குதுங்க. நைனா தலைக்கு நேரா ஒரு கூடு, காலுக்கு நேரா ஒரு கூடு. தின்னுட்டுத் துப்புன நத்த ஓடு, அழுவுன நண்டு, எல்லாம் நைனா மேலதான் வுழுது.

— கலீஜு. வெள்ளச் சட்டையில ஒரு பொட்டு கறை பட்டா அம்மாவ அந்த வாங்கு வாங்குவாரு. அவரு மேலயா இந்த கண்றாவி?

— போன வருசமும் இப்படித்தான் பளீர்னு இருந்திச்சி. நான் கேட்டுக்கு அந்தாண்டயே நின்னு எட்டிப் பாத்தேன். சரி, அண்ணன் வந்து அடிச்சிட்டுப் போயிருக்குது, அதுக்கும் மனசுல ஈரம் கீதுன்னு நெனச்சிகினு மெழுவத்திய சொவரு மேலயே கொளுத்தி வெச்சிட்டுத் திரும்பிட்டேன்.

— மெய்யாலுமா? நானும் அதாம்மே! வந்தேன், எட்டிப் பாத்தேன், ரோஸி அடிச்சிட்டா, நாம வேற எதுக்குன்னு அடுத்த பல்லவன் பஸ்ல ஏறிட்டேன்.

— அதுக்கு முந்துன வருசம்?

— அப்பவும் அதே கததான்.

— நல்லா கீது போ. நைனாவுக்கு நாரதான் வெள்ளையடிச்சிகினு கீது. பெத்த புள்ளைங்க ரெண்டும் கேட்டோட திரும்பிடுச்சிங்க.

— சிரிக்காத. தண்ணி ஊத்து, கைய கழுவணும்.

— இந்தா. மண்ணப் போட்டுத் தேய். வெறும் தண்ணிக்குப் போவாது, நான் பாத்துட்டேன்.

— நாளைக்கி கல்லறத் திருநாளு. சாமியாரு ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சிகினு வருவாரு. இதும்மேல பூ வெச்சா பூவே வாடிப் பூடும். மரத்த வெட்டுங்கன்னு கோயில்ல யாராவது சொல்லக் கூடாது?

— முட்ட கீற மரத்த எவன் வெட்டுவான்? பொரிச்சி, குஞ்சு பறந்து போற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. தொடப்பத்த எடு, வழிச்சி வுடு.

— நீ எப்ப வந்த?

— இருட்டோட வந்துட்டேன்.

— இருட்டோடயா? அப்ப அம்மாவ யாராண்ட வுட்டுட்டு வந்த?

— அம்மாவுக்கு ஆளு கீது. நீ கைய தேய்.

— யாரு, பக்கத்து ஊட்டு பார்வதமா?

— ஆளு கீதுன்னேன்ல. அத வுடு. இன்னிக்கி தேதி இன்னா?

— தா, ஆரம்பிச்சிட்டியா?

— ஒண்ணாந்தேதி. இன்னியிலர்ந்து அம்மா உன் மொறை.

— ரோஸி, நான் இன்னா சொல்றேன்னா...

— நீ ஒண்ணும் சொல்லாத. அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துகினப்ப, ஒரு மாசம் நானு, ஒரு மாசம் நீயின்னு மாதா படத்துக்கு முன்னால நின்னு ஒத்துகினது யாரு? உன் மொறை வந்தா மட்டும் உனக்கு நைட் ஷிப்டு வருது. அடுத்த மொறை வந்தா அண்ணிக்கு இடுப்புப் புடிச்சிக்குது. எத்தினி மாசமாண்ணா? எனக்கு இடுப்பு கெடையாதா?

— எங்க நூம்பல் ஊடு உனக்குத் தெரியும். தெருவுக்கே ஒத்த ஊடு. சுத்தி மனைக்கல்லும் முள்ளுச் செடியுந்தான். கூப்புட்டாக்கூட நாதி கெடையாது. நான் வேலைக்குப் பூட்டா தெரசா அங்க தனியா ஒரு நோயாளிய வெச்சிகினு இன்னா பண்ணுவா?

— தனியாதான் நானும் பண்றேன். என் புருசன் எந்த ஊர்ல கீறானோ, எவ கூட கீறானோ.

— சரி, உள்ளத சொல்லட்டா? எனக்கு முடியலமே. கடைசியா எங்கூட்டுல இருந்திச்சே, அப்ப சோத்துல கை வெச்சா அந்தத் துணிங்கதான் ஞாபகத்துக்கு வரும். பெத்த தாயிதான். ஆனா அந்த நாத்தம் கீதே... தட்ட அப்படியே தள்ளி வெச்சிட்டு எழுந்து பூடுவேன்.

— எனக்கு மட்டும் இன்னா, மல்லிப்பூவா மணக்குது? மூக்க மூடிகினு வாயால மூச்சு வுட்டுகினுதான் அலசுறேன். வழிச்சி எடுக்கும்போது அது மூஞ்சிய நான் பாக்கறதேயில்ல. பாத்தா அழுவும். அது அழுதா எனக்குப் பாவம்னு தோணல, ஆத்திரந்தான் வருது. போன வாரம் கெழவி தொடையில கிள்ளி வெச்சிட்டேண்ணா. கன்னிப் போச்சி. போதுமா?

— தண்ணி ஊத்து, கையில இன்னும் போவல.

— இன்னா, அருவருப்பா கீதா? இரு. நானே என்னப் பாத்துத்தான் த்தூன்னு துப்பிக்கணும்.

— நான் ஒண்ணும் சொல்லலியே.

— அந்த ஓரக் கெளையில ஒரு கூடு கீது பாரு. நான் வந்ததுலர்ந்து அதே பறவதான் ஒக்காந்துகினு கீது. அப்பப்ப எழுந்து நிக்கும், தலையக் குனிஞ்சி மூக்கால முட்டைய உருட்டி வுடும், திருப்பி ஒக்காரும். விடிஞ்சப்புறம் ஒரு மழ போட்டுச்சே, அப்பக்கூட எழுந்திருக்கல. ரெக்கைய விரிச்சி மூடிகினு முழுசா நனைஞ்சிச்சி.

— தா பாரு, தா பாரு, தன் காலு மேலயே பேண்டுக்குது!

— வெயில் ஏறுனா அப்படித்தான் பண்ணுது. காலு சூடு தணியறதுக்கோ இன்னாவோ.

— செருப்பால அடி. இதெல்லாம் ஒரு ஜென்மமா?

— எதையாவது ஒண்ண பண்ணிக்கட்டும், எடத்த வுட்டு எழுந்து போவலியே. எங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில லைன்ல அதான் சட்டம். ரிலீவர் வந்து மிசின்ல கை வெச்சாத்தான் நீ எழுந்திருக்கலாம். வரலியா? மூத்திரம் முட்டுனாலும் ஒக்காந்துகினேதான் கீணும்.

— நீ யாருக்குச் சொல்றன்னு எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சா சரி. தோ, வருது பாரு அதோட மாத்தாளு. வாயில குச்சியோட.

— அதான் ஆம்பளையா?

— ரெண்டும் ஒரே மாதிரி கீது, எது ஆம்பள எது பொம்பளன்னு யாரு கண்டா? மாறி மாறி ஒக்காருதுங்க, அவ்ளோதான். கேளு, டக டக டகன்னு மூக்கத் தட்டுதுங்க.

— கம்பெனி கேட்ல கார்டு பஞ்ச் அடிக்கற மாதிரியே கீது.

— அதேதான். பாரு, ஒக்காந்தது எழுந்திருக்காம பிகு பண்ணுது. வந்தது கழுத்தால தள்ளுது... எழுந்திருச்சிடிச்சி. பறந்திடிச்சி. இனிமே அது ஏரிக்கரைக்குப் போயி நாலு நத்தையாவது தின்னும்.

— ஏரியில இன்னா கீது? கம்பெனிக்காரன் வுடற சாக்கடத் தண்ணிதான். அதத் தின்னுட்டுத்தான் இங்க வந்து இந்த நாத்தம் நாற வெக்குது. ஏய், அந்த நடுக் கூட்டப் பாத்தியா? ஆளே இல்ல!

— இல்லண்ணா, அதுல காலைல ஒண்ணு இருந்திச்சி. ரொம்ப நேரம் கழுத்த நீட்டி நீட்டி எதையோ பாத்துகினே இருந்திச்சி. எப்ப போச்சின்னு தெரிலியே.

— பக்கத்துக் கூட்டுக்காரன் குச்சிய உருவறான் பாரு. ஆளு இல்லன்னதும் அடுத்தவன் ஊட்ட அவுத்து இவன் ஊட்டக் கட்டிக்கறான். திருட்டுப் பய!

— காக்கா வந்திரிச்சி. ஐயோ, ஓட்டுண்ணா! சூ! சூ! கல்ல எடு!

— சூ! ஏய்! எங்க ஓடப் போவுது... தூக்கிடிச்சி. முட்டையத் தூக்கிடிச்சி... அடச்சீ! த்தூ! த்தூ! என் தல மேலயே போட்டுடிச்சி!

— இரு, இரு, கண்ணத் தொறக்காத. முந்தானியால தொடைக்கறேன்.

— உள்ளாற இன்னாவோ செவப்பா நரம்பு நரம்பா... குஞ்சு கட்டியிருந்திருக்கு. உவ்வே... வாயிக்குள்ளாற பூந்திடிச்சி. தண்ணி குடு, தண்ணி!

— கொப்புளி. நல்லா கொப்புளிச்சித் துப்பு. அந்தாண்ட துப்பு, நைனா மேல துப்பாத.

— சனியன் புடிச்ச பறவ! மாத்தாளு வர்றதுக்குள்ள அப்படி இன்னா கொள்ள போவுது அதுக்கு? முட்டைய அம்போன்னு வுட்டுட்டுப் பூடிச்சே!

— அத திட்டாத. வர வேண்டியது வரல. இது எத்தினி நேரந்தான் ஒத்தையில ஒக்காரும்? பசிக்காதா? காலு மரத்துப் பூடாதா? இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு பாத்திருக்கும். அதுக்கப்புறம் எப்படியோ போவட்டும்னு எழுந்து பூடிச்சி. அவ்ளோதான்.

— இன்னாத்துக்கு இப்ப அழுவுற?

— அழுவல. அந்த நாத்தம் கண்ணுல எரியுது.

— ரோஸி...

— அண்ணா, என்னால முடியலண்ணா. இன்னும் ஒரு மாசம் வெச்சிருந்தா நானே ஒரு நா தலவாணிய எடுத்து அது மூஞ்சியில அமுத்திடுவேன். சத்தியமா சொல்றேன். ஒரே ஒரு மாசம் வாங்கிக்க. நான் தூங்கி எழுந்து மனுசியா திரும்பி வரேன்.

— சரி வுடு. வுடுன்றேன்ல. வாங்கிக்கறேன்.

— இன்னா சொன்ன?

— அம்மாவ வாங்கிக்கறேன்னேன். கல்லறத் திருநாளு முடியட்டும். அடுத்த நாளு நூம்பல் ஊட்டுக்குக் கூட்டியா.

— மெய்யாலுமா? நைனா கல்லறையாண்ட நின்னுகினு சொல்ற. பேச்சு மாற மாட்டியே?

— மாற மாட்டேம்மே. எத்தினி தபா சொல்றது? கூட்டியா. கதவத் தட்டு. தெரசா தொறப்பா.

— அண்ணி ஒண்ணும் சொல்லாதே?

— அவ இன்னா சொல்லுவா? நான் சொன்னா கேப்பா.

— மாதாவே! இப்பத்தாண்ணா நெஞ்சுல கீற கல்லு எறங்குது. இவ்ளோ நேரம் உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிகினு இருந்தேன். கோவிச்சிக்க மாட்டியே?

— எதுக்கு?

— நான் அம்மாவ காலைலயே கொண்டாந்து வுட்டுட்டேண்ணா.

— எங்க வுட்ட?

— உங்கூட்டு வாசப்படியிலதான். இன்னும் விடியல. ஆட்டோக்காரனும் நானுமா தூக்கியாந்து, சொவத்துல சாச்சி ஒக்கார வெச்சோம். அதுக்குத்தான் பேச்சு கெடையாதே, நல்லா கீற அந்த ஒத்தக் கையால என் முந்தானிய புடிச்சிகினு வுடல. வெரல் வெரலா பிரிச்சித்தான் எடுத்தேன். அண்ணி மூஞ்சியப் பாத்தா திருப்பி அனுப்பிடும்னு பயம். அதனால கதவ நாலு தட்டு தட்டிட்டு, தாப்பா சத்தம் வர்றதுக்குள்ள ஆட்டோவுல ஏறி ஓடியாந்துட்டேன். லைட்டு எரியல. தூங்கறாங்க, எழுந்து வந்து தொறப்பாங்கன்னு... இன்னாண்ணா? ஏன் தொடப்பத்தக் கீழ போட்டுட்ட? நீ நைட் ஷிப்ட்டுலர்ந்து நேரா இங்க வந்திருக்க, அதான் உனக்குத் தெரில. அண்ணி தொறந்திருக்கும்ல?

— ரோஸி, மழ வுழுந்தது எப்ப?

— விடிஞ்சப்புறம். ஏன், மழைக்கு முன்னாலயே அண்ணி உள்ள கூட்டினு பூட்டிருக்கும். சொல்லுண்ணா, தொறந்திருக்கும்ல?

— எழுந்திரு. ஆட்டோ புடி. உனக்குத் தெரிஞ்சா அம்மாவக் கூட்டியாந்துடுவியேன்னு சொல்லாம கொள்ளாம மொகப்பேருக்குக் குடி பூட்டோம். நூம்பல் ஊடு போன வாரத்துலர்ந்து பூட்டிக் கீது.