கப்பலின் மேல் இருந்த காற்று

சாயங்கால மழையில் நனைந்தபடி காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினேன். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் நேத்து தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறுல இருந்தார்க்கா," என்றாள் இளையவள்.

"அது என்னடி, ரூம் நம்பரா?"

"இல்லக்கா, அவர் வேலை பாக்கிற கப்பல் இருக்கிற இடத்துல காத்தோட அழுத்தம். ஹெக்டோபாஸ்கல் கணக்கு. தினம் அந்த நம்பர மட்டும் அனுப்புவார். எங்க வீட்டு பாரோமீட்டர் பழசு, அழுத்தத்த பாதரச அங்குலத்துலதான் காட்டும். முப்பத்துமூணு புள்ளி எட்டு ஆறால வகுத்தா அங்குலம் வந்துடும். நம்ம முள்ளு அங்க இருந்தா எங்க நிக்கும்னு பாத்துட்டே உக்காந்திருப்பேன். அவர் தலைக்கு மேல இருக்கிற காத்து எங்க சுவத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கும்."

"இன்னிக்கு என்ன வந்துச்சு?"

"இன்னும் வரல. புயல் அந்தப் பக்கம்தான் போயிட்டிருக்கு."

மூத்தவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சுரங்கம் முடிந்து ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும் இளையவளின் கைப்பேசி அதிர்ந்தது.

"ஆயிரத்து நாலு," என்றாள். பிறகு திரையிலேயே வகுத்துப் பார்த்தாள். "இருபத்தொம்பது புள்ளி ஆறு அஞ்சு."

"அப்படின்னா?"

"ஏறுதுக்கா. புயல விட்டு வெளிய வந்துட்டார்."

டாலிகஞ்சில் கதவு திறந்தது.

"நம்ம ஸ்டேஷன்," என்றாள் மூத்தவள், மெதுவாக.

திரையில் இருந்த எண்ணையே பார்த்தபடி இருவருமே எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.