குருட்டு மாட்டின் புண்ணியம்

வேலணைக்குப் போகும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது, முன் சீற்றில் இருந்த பெண்பிள்ளை பக்கத்திலிருந்த அயல்வீட்டு அக்காவிடம் சொன்னாள்:

“உங்கட குருட்டு மாட்டாலதான் அக்கா நான் மிருக வைத்தியச் சோதினை பாஸ் பண்ணினனான்.”

“என்ர மாடோ? அது வீட்டுக் கொட்டிலுக்கையெல்லோ நிண்டது!”

“ஓம். சோதினையில ஒரு மாட்டின்ர கழுத்தில இரத்தம் எடுத்துக் காட்டச் சொன்னவை. சோதிக்க வந்த ரெண்டு சேர்மார் பக்கத்தில நிண்டு பாக்கினம். எனக்குப் படிச்சது ஒண்டும் ஞாபகம் வரேல்லை. வாய் மட்டும் தானா, ‘ராசாத்தி, நான்தான் வாறன்’ எண்டு சொல்லிப்போட்டுது.”

“என்ர மாட்டுக்குச் சொல்லுறமாதிரி!”

“அதுக்குக் குரல் குடுக்காமல் கிட்டப் போனால் உதைக்குமெல்லோ. அந்தப் பழக்கம். சோதினை மாடு அசையாமல் நிண்டுது. தொட முதல் மாட்டோட கதைச்சது நான் மட்டும்தானாம். ஒரு சேர் சொன்னவர்.”

அக்கா கடலைப் பார்த்தபடி சொன்னார்:

“கண் தெரியாததை ஏன் வைச்சிருக்கிறாய் எண்டு கேக்காத ஆள் இல்லை.”

பிள்ளை மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக் காட்டினாள்.

“இது உங்களுக்கில்லை அக்கா, ராசாத்திக்கு.”

“முதல்ல குரல் குடு பிள்ளை. சந்தோசத்தில மறந்துபோடாதை.”