ஜீவிதா ஏன் முட்டை வாங்கவில்லை?

உரை எண் 4
16 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40 மணி
மைசூரு, விஜயநகர்
(மேடையில் பேசியதை அப்படியே எழுதி, ஆண்டு மலருக்காகச் சங்கச் செயலாளருக்கு அனுப்பியது)

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் திரு. முரளிதரன் அவர்களே! வந்த ஊரில் வேர்விட்டு, வேர்விட்ட ஊருக்கு நிழல் தந்து நிற்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயம் அடிமனத்தில் இருந்தும் அன்போடு செவிசாய்க்கும் தாய்மார்களே! இனிப்புப் பொட்டலம் எப்போது வருமென்று என் முகத்தையே பார்த்திருக்கும் முன்வரிசைச் செல்வங்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழில் "குழந்தைகள் நாளாகிய இன்று" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். குழந்தைகள் நாள் நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. இன்று பதினாறு. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வியை எந்தக் கிழமையில் கேட்கிறோம் என்பதில் ஒரு குழந்தையின் வயிறே அடங்கியிருக்கக் கூடும். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

"அரசின் நலத்திட்டங்களால் குழந்தைகள் நலம் பெறுகிறார்களா?" என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஆம் என்று ஒரு மணி நேரம் முழங்கலாம். இல்லை என்றும் ஒரு மணி நேரம் முழங்கலாம். நீங்கள் இரண்டுக்கும் கைதட்டுவீர்கள். எனக்கு அதில் ஆசையில்லை. ஒரே ஒரு குழந்தையின் பின்னால் போய், திட்டம் எந்த வாசல் வழியே அவள் வீட்டுக்குள் நுழைகிறது, எந்த வாசலில் தயங்கி நின்றுவிடுகிறது என்று எட்டிப் பார்க்கத்தான் ஆசை.

அந்தக் குழந்தையின் பெயர் ஜீவிதா. வயது எட்டு. மூன்றாம் வகுப்பு. தாயார் ஜோதிமணி, ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். நம் விஜயநகரின் கோடியில் எழும்பும் அடுக்குமாடிகள் உங்களுக்குத் தெரியும். அவற்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைகள் தெரியுமா? அங்கே இருக்கிறது அவர்கள் குடும்பம்.

நவம்பர் முதல் நாள், சனிக்கிழமை, கன்னட ராஜ்யோத்சவம், இந்த மாநிலம் பிறந்த நாள். அங்குள்ள அரசுப் பள்ளியில் கொடியேற்றம். விருந்தினர் நாற்காலியில் நானும் இருந்தேன். குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது வரிசையில் ஒரு சிறுமி சரிந்தாள். ஆசிரியர் மஞ்சுநாத் ஓடிப்போய் அள்ளினார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். "காலைல என்னம்மா சாப்ட்டே?" என்றார். "டீ குடிச்சேன் சார்" என்றாள். அவள்தான் ஜீவிதா.

தகவல் போய், ஜோதிமணி வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பேருந்தில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து! அந்தத் திட்டம் குழந்தைகளுக்காக வந்ததா? இல்லை. ஆனால் கையில் சில்லறை இருக்கிறதா என்று யோசிக்காமல் ஒரு தாயை உடனே ஏற வைத்தது எது? அதே பேருந்துதான். வியப்பாக இல்லையா? எங்கோ போட்ட விதை எங்கோ முளைக்கிறது! மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னது: இரத்தம் குறைவு. மாத்திரை கொடுத்தார், கீரை, முட்டை என்று உணவும் சொன்னார்.

முட்டையா? பள்ளியில் மதிய உணவோடு முட்டை தருகிறார்களே! உண்ணாதவர்க்கு வாழைப்பழம். அன்று மாலையே மஞ்சுநாத்தைக் கேட்டேன். "இவ முட்டெ தின்னல்ல சார். பாளெஹண்ணு கோஷ்டி" என்றார். வாழைப்பழக் கோஷ்டியாம்! "இவ மட்டும் இல்ல, கிளாஸ்ல பாதிப் பேரு அந்தக் கோஷ்டிதான். எல்லாம் ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளைங்க."

பெரியோர்களே, என் மண்டைக்குள் ஏதோ குடைந்தது. ஹனூர்ப் பக்கத்து வீடுகளில் பாதிக்குப் பாதி சைவமா? மறுநாள், ஞாயிறு, கொட்டகைக்கே போய்க் கேட்டேன். ஜோதிமணி சிரித்துவிட்டார்.

"முட்ட சாப்பிடமாட்டாளா? ஆருங்கய்யா அப்படிச் சொன்னது? திங்கக்கெழம ஒரு நாளுதானுங்க தொடமாட்டோம், அது மாதேசுரன் நாளு. மத்த நாளுல கோழி கொழம்புன்னா சட்டிய வழிச்சுப் போடுவாளுங்க இவ!"

முட்டை யாருக்கு, பழம் யாருக்கு என்று பள்ளியில் எப்போது கேட்டார்கள்? மஞ்சுநாத்துக்கு நினைவிருந்தது: பள்ளி திறந்த புதிதில், ஜூன் இரண்டாம் தேதி. நான் நாள்காட்டியைப் புரட்டினேன். ஜூன் இரண்டு என்ன கிழமை தெரியுமா? திங்கட்கிழமை! மாதேஸ்வரன் மலையைக் கும்பிடும் வீட்டுக் குழந்தை, மாதேஸ்வரனின் நாளில், முட்டைக்குக் கை தூக்குமா? தூக்கவில்லை. குழந்தைகள் அன்றைக்குச் சொன்னார்கள். பள்ளி ஆண்டு முழுமைக்கும் எழுதிக்கொண்டது. யார் குற்றம்? ஆசிரியர் குற்றமா? யார் வாயிலும் முட்டையைத் திணிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அல்லவா கேட்டார்! குழந்தைகள் குற்றமா? குலதெய்வத்துக்கு அஞ்சியல்லவா அமர்ந்திருந்தார்கள்! நல்லெண்ணமும் நம்பிக்கையும் ஒரு திங்கட்கிழமையில் முட்டிக்கொண்டன. அடிபட்டது வயிறு.

கைதட்டாதீர்கள். கதை முடியவில்லை.

நவம்பர் நான்கு, செவ்வாய்க்கிழமை. மஞ்சுநாத் மறுபடி கேட்டார். வாழைப்பழக் கோஷ்டி கலைந்தது! கைகள் எழுந்தன. ஒரு கை மட்டும் எழவில்லை. மாலையில் தொலைபேசியில் அழைத்தார்: "சார், ஈ ஹுடுகி மட்டும் பாளெஹண்ணே பேக்குன்னு நிக்கறா." இந்தப் பெண் மட்டும் பழமே வேண்டும் என்கிறாளாம். எந்தப் பெண்? நம் ஜீவிதா!

கிழமை மாறியும் மனம் மாறவில்லையே, ஏன்? புதன்கிழமை மாலை கொட்டகைக்குப் போய் அவளிடமே கேட்டேன்.

"முட்டை பிடிக்காதாம்மா?"

"பிடிக்கும் தாத்தா."

"பின்னே?"

"உரிச்சுதான் குடுக்கறாங்க. பையில வெச்சா நசுங்கிருது. பழத்துக்குத் தோல் இருக்கில்ல?"

"பையில ஏன் வைக்கணும்?"

"பாப்பாவுக்கு."

பாப்பா என்றது தங்கை அஷ்வினியை. மூன்று வயது. தாயோடு வேலையிடத்துக்குப் போய், மணல் குவியலோரம் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் குழந்தை. அக்காள் பையைத் திறந்ததும் அது பழத்தைப் பிடுங்கிய வேகத்தை நான் பார்த்தேன். ஜோதிமணியும் பார்த்தார். "ஸ்கூல்ல ரெண்டு பழம் குடுக்கறாங்கன்னில்ல சொன்னா..." என்றவர், திரும்பிக்கொண்டு, மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தார்.

தாய்மார்களே! நலத்திட்டம் நலம் தருகிறதா என்று நாளேடுகள் வாதாடுகின்றன. இங்கே எட்டு வயதுக் குழந்தை தனியாக ஒரு நலத்திட்டம் நடத்திக்கொண்டிருக்கிறாள்! பயனாளி ஒருவர். வழங்கும் பொருள் ஒரு பழம். முதலீடு எது? அவள் உடம்பில் ஓடும் இரத்தம்!

மூன்று வயதுக் குழந்தைக்குத் திட்டமே இல்லையா? இருக்கிறது! அதே பள்ளி வளாகத்தில் அங்கன்வாடி இருக்கிறது. பால் இருக்கிறது, சுடுசோறு இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. "அப்புறம் ஏம்மா சேர்க்கவில்லை?" என்றேன்.

"ஒம்பதரைக்குத்தானுங்க தொறக்கறாங்க. மேஸ்திரி ஏழரைக்கே சைட்டுக்கு வண்டிய எடுத்துருவாரு. பூட்டுன கதவு முன்னால புள்ளய உக்கார வெச்சுட்டுப் போவ முடியுமுங்களா?"

என்ன அம்மா கேட்கிறீர்கள்? ஜீவிதா பார்த்துக்கொள்ள மாட்டாளா என்றா? நானும் அதைத்தான் கேட்டேன். ஜோதிமணி வாசலுக்கு நேரே கை காட்டினார். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழி. மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையை எட்டு வயதுப் பிள்ளையிடம் விட்டுவிட்டு நீங்கள் போவீர்களா? நான் போக மாட்டேன்.

ஜீவிதாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "பாப்பாவுக்கு அங்கேயே முட்டை கிடைச்சா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நானும் வாங்கிக்கறேன்" என்றாள்.

ஆகவே அவையோரே, அரசு சமைக்கிறது, சமையல் சூடாக இருக்கிறது. தாய் உழைக்கிறாள், உழைப்பில் குறையில்லை. அக்காள் அன்பு காட்டுகிறாள், அதற்கு அளவே இல்லை. இத்தனையும் இருந்தும் குழந்தை ஏன் சரிகிறாள்? ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது! அந்த நேரத்தில் நம் விஜயநகர் என்ன செய்கிறது? நடக்கிறது! ஓய்வூதியம் வாங்கும் கால்களெல்லாம் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடக்கின்றன! சர்க்கரை குறைய நடக்கிறோம், கொழுப்புக் கரைய நடக்கிறோம். அந்த நடையைக் கொட்டகை வாசலுக்குத் திருப்பினால் என்ன? அங்கே இன்னும் நாலைந்து குழந்தைகள் இருக்கிறார்கள். ஏழரைக்கு வாங்கிக்கொண்டு, ஒன்பதரைக்கு அங்கன்வாடியில் விட்டால் போதும். மாலையில், தாய் வரும்வரை அக்காள் பள்ளி வளாகத்திலேயே வைத்துக்கொள்வாள். திட்டத்துக்கும் குழந்தைக்கும் நடுவே குறைவது பணமா, சட்டமா? ஒரு மனிதக் கை! ஒரே ஒரு கை!

யாரது எழுந்திருப்பது? ஓய்வுபெற்ற செவிலியர் மரியபுஷ்பம் அம்மையாரா? சொல்லுங்கள் அம்மா.

"பேசினது போதும் சார். நாளைக்குக் காலைல ஷெட்டு எங்க இருக்குன்னு காட்டுங்க. குழந்தைங்க வார்டுல முப்பது வருஷம் இருந்தவ நான். அழுதா சமாளிப்பேன்."

அம்மா, உங்களைக் கும்பிடுகிறேன். ஆனால் ஒருவரே தினமும் எப்படி...

"அதான் சார், செவ்வாக்கிழமை நீங்க வாங்க."

நானா? என் முழங்கால்...

"இவ்ளோ நேரம் நின்னு பேசுது அந்த முழங்கால்! அங்க உக்காந்தே பேசுங்க. குழந்தைங்க நடுவுல எந்திரிச்சுப் போகமாட்டாங்க."

இவ்வளவு பலமாகச் சிரிக்க வேண்டியதில்லை. தலைவர் அவர்களே, நீங்களுமா? சரி அம்மா, வருகிறேன். நவம்பர் பதினெட்டு, ஏழரை மணி.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இடையில் புகுந்து என்னை மடக்கிய அம்மையாருக்கும் நன்றி கூறி, பொட்டலம் வழங்க வழிவிட்டு அமர்கிறேன். வணக்கம்.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. கொட்டகையிலிருந்து அங்கன்வாடிக்குப் போகும் வழி, குழியைச் சுற்றிப் போகுமாறு நான் வரைந்தது.
2. மஞ்சுநாத் ஆசிரியரின் தொலைபேசி எண்.
3. காலைப் பொறுப்பு: திங்கள், மரியபுஷ்பம் அம்மையார். செவ்வாய், நான். புதன் முதல் சனி வரை இடம் காலியாக உள்ளது.