நூத்திப்பத்துச் சீட்டு

— கதவச் சாத்திட்டுச் சொல்லு பாண்டியம்மா. திராட்சைப் பொட்டிக்குள்ள அந்தச் சீட்டப் போட்டது நீதான?

— சாத்த வேணாம் மொதலாளி. எனக்குப் பயமாருக்கு.

— எனக்கு இல்லையா? விடிஞ்சதுலருந்து மதுரை யாவாரி செல்லுல கூப்புட்டு வையிறான். பொட்டியப் பிரிச்சா, மேலயே இருக்காம்: “மருந்து காயாத பழம். பிள்ளைகளுக்குக் குடுக்காதீக.”

— நெசந்தான மொதலாளி? மருந்தடிச்சா ரெண்டு வாரம் வெட்டக்கூடாதாம்ல. நீங்க மறுநாளே வெட்டச் சொன்னீக.

— மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. விட்டிருந்தா பழம் பூராம் வெடிச்சுப் போயிருக்கும். ஓடைப்பட்டியில எவன் நாள் பாத்து வெட்டுறான்? நான் மட்டும் யோக்கியனா இருந்து என்ன ஆகப்போகுது?

— நானும் அப்பிடித்தான் இருந்தேன். பொட்டி கட்டுனமா, கூலி வாங்குனமான்னு. முந்தாநேத்து திராட்சைக் கொலைய எடுத்தா, கையி பூராம் வெள்ளை வெள்ளையா மருந்து. எந்தப் பச்சப்பிள்ளை வாயில போகுமோன்னு மனசு கேக்கல.

— எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?

— சொன்னேனே. “வேற ஆளு பாக்கவா”ன்னீக.

— எத்தன பொட்டியில போட்ட?

— நூத்திப்பத்து.

— பூராத்துலயுமா! அடிப்பாவி, குடியக் கெடுத்துட்டியே... இந்தா, ஒனக்குத்தான் கைநாட்டத் தவிர ஒண்ணும் தெரியாதே. எழுதிக் குடுத்தவன் எவன்? மருந்தடிச்ச பேச்சிமுத்தா?

— அவரு பாவம். மருந்தடிச்சுட்டு வந்து வாந்தி வாந்தியா எடுத்து, ஆசுபத்திரியில கெடக்காரு.

— ஆசுபத்திரிக்கா? வெளிய தெரியக்கூடாதுன்னு சொன்னேன்ல! எவன் கொண்டு போனான்?

— சீட்டு எழுதுன ஆளுதான்.

— பேரச் சொல்லு. எழுதுன கைய ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்.

— அதுக்குப் பயந்துதான வாயத் தொறக்காம நிக்கேன்.

— சொல்லப்போறியா, இல்லையா?

— ஐயோ, கைய ஓங்காதீக! வேலைக்கு வேணாம்னா போயிடுறேன். அவுகள மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீக.

— அவுகளா? யாருடீ அந்தப் பெரிய மனுசன்?

— ஒங்க வீட்டு அக்காதான் மொதலாளி. ஒவ்வொரு சீட்டுலயும் கீழ ஒங்க பேரோட சேத்து அவுக பேரும் போட்டாக, ‘முத்துலட்சுமி விஜயபாண்டி’ன்னு. யாவாரி அதப் படிச்சுக் காட்டலையா?