சுவிசுக்குப் போன சித்தி

உளுந்து வடைக்கு மிளகு கூடினால் எனக்குப் பிடிக்காது, வைரவரே. உங்களுக்குச் சாத்துகிற வடைமாலையைத்தான் சொல்கிறேன். எனக்குக் கடிக்கவா முடிகிறது, மணம் மட்டுந்தானே. அதிலும் மிளகு ஏறி மூக்கை அரிக்கிறது. ஒழுங்கை முடக்கில், வேம்பின் கீழே, ஒரு சொறி நாயோடு குந்திக்கொண்டு இதையே சாப்பிட்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்களோ. சரி, அது உங்கள் பாடு.

நான் வந்த விஷயம் வேறு. உங்கள் சூலத்துக்குப் பின்னால் ஒரு பெட்டை ஒளித்திருக்கிறாள். பெயர் நிரோஜா. என் அக்கா பத்மாவதியின் மகள், எனக்குப் பெறாமகள். அவளை வெளியே அனுப்புங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். உள்ளே வந்து கையைப் பிடித்தே கூட்டிப் போயிருப்பேன். ஆனால் உங்கள் எல்லைக் கல்லைப் பேய் தாண்டினால் என்ன நடக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே கதைக்கிறேன். என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் தர்சிகா. ஊர்க் கணக்கில் நான் சுவிசில் இருக்கிறேன். வெள்ளைக்காரனைக் கட்டிவிட்டேன் என்றும் கதை, கட்டாமலே இருக்கிறேன் என்றும் கதை. அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி வாங்க நின்றால் யாராவது ஒரு மனிசி அக்காவைப் பிடித்துக்கொள்வாள். "உவள் தர்சி எப்பிடி இருக்கிறாள்? அங்கை குளிரோ?" என்பாள். "ஓம், சரியான குளிராம்" என்று அக்கா சொல்வாள். அதைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். கதலி வாழைக்குக் கீழே குளிர்தான். உங்களுக்கு அக்கா கொண்டுவந்து படைக்கிற குலை எல்லாம் என் தலைமாட்டில் விளைந்தவை. இதுவரை நீங்களும் ஒரு குறை சொன்னதில்லை.

நான் செத்தது அக்காவின் கலியாணத்துக்கு முதல் நாள். நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். அம்மா முன்னமே போய்விட்டாள். அப்பா செல்வரட்ணம்தான் தனியாக நின்று எல்லாம் பார்த்தார். அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். பேசி வந்த கலியாணம் ஒவ்வொன்றாகக் குழம்பி, கடைசியில் கேதீஸ்வரன் என்று ஒரு கிளாக்கர் அகப்பட்டிருந்தார். முன் முற்றத்தில் பந்தல், குசினியில் பலகாரச் சூடு. எனக்கோ கிணற்றடி முருங்கையில் கலர் பல்ப் கட்டினால் வடிவாக இருக்கும் என்று ஒரு விசர். முருங்கையில் ஏறுகிறவளுக்கு மூளை இருக்குமா? கொப்பு முறிந்தது. தலை கிணற்றுக்கட்டில் அடித்தது. இதுதான் என் வாழ்க்கை வரலாறு. பதினேழு வயதுக்காரியிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கண்டது அப்பாவும் அக்காவும் மட்டும். அப்பா ஐயோ என்று வாயைத் திறந்தார். அக்கா அதைப் பொத்தினாள். கையில் போட்ட மருதாணி அப்போது காயவில்லை.

"கத்தாதேங்கோ அப்பா. செத்தவீடு எண்டால் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு ஒரு நல்ல காரியமும் ஏலாது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் தங்கச்சியைத் திண்டவள் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். பிறகு என்னை ஆர் கட்டுவான்? கலியாணம் முடியட்டும். முடிஞ்சாப் பிறகு சொல்லுவம்."

எச்சில் இலை போடப் பின் வளவில் ஒரு கிடங்கு வெட்டியிருந்தார்கள். நல்ல ஆழம். அதற்கு இன்னொரு தேவை வந்தது; மூடி, மேலே கதலி வைத்தார்கள். கலியாணத்துக்கு வந்தவர்கள் என்னைக் கேட்டபோது காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறாள் என்றார்கள். பிறகு சுவிசுக்கு ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டுவிட்டாள் என்றார்கள். முடிந்த பிறகு சொல்வோம் என்றது அப்படியே நின்றுவிட்டது. கலியாணம் முடிந்தால் நாலாம் சடங்கு, அது முடிந்தால் அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. துக்கம் சொல்ல நல்ல நாள் ஒன்று வாய்க்கவே இல்லை. அப்பா சொல்லாமலே செத்தார்.

ஆக எனக்கு வாய்க்கரிசி இல்லை, எட்டுச் செலவு இல்லை, உயிரைக் கரையேற்றக் கீரிமலையில் அந்தியேட்டி இல்லை. அந்தியேட்டி செய்யாத உயிர் எங்கே போகும்? வீட்டோடு நின்றேன். ஒருவர் கண்ணிலும் படாமல், ஒருவர் காதிலும் விழாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வெள்ளிக்கு வெள்ளி ஆள் வருகிறது.

அந்தக் கலியாணத்தில் பிறந்தவள்தான் நிரோஜா. என் செத்தவீட்டை நிற்பாட்டிப் பெற்ற பிள்ளை. நியாயமாக யோசித்துப் பார்த்தால் அவளில் எனக்கும் ஒரு உரித்து இருக்கிறது. இதை நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

அவளுக்கும் பதினேழு ஆனபோது என் குரல் அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. ஏன் என்று எனக்குத் தெரியாது, பேய்க்கு எல்லாம் தெரியும் என்பது சனத்தின் கதை. கட்டிலில் படுத்தபடி ஒரு பொடியனுக்குப் போனில் ஏதோ நீட்டி எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உவனுக்கு இவ்வளவு எழுதாதை. ம் எண்டு மட்டும் அனுப்பு" என்றேன். வேறு யாராக இருந்தாலும் வீடு அதிரக் கத்தியிருப்பார்கள். இவள் திரும்பிப் பார்த்து, "ஆர் நீ? ஏன் என்ரை போனைப் பார்க்கிறாய்?" என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு ஒரே சிரிப்புத்தான். அத்தான் கேதீஸ்வரன் குளிக்கும்போது பாடுகிற தேவாரத்துக்கு நான் பின்பாட்டுப் பாட, அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாள். நான் யார் என்று மட்டும் சொல்லவில்லை. "கண்டுபிடி பாப்பம்" என்றேன். அவளுக்குத் துப்பறிய ஆசை, எனக்குப் பொழுது போக வேண்டும். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பெட்டை கெட்டிக்காரி. தாயின் கலியாண அல்பத்தை எடுத்துவைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பிறகு நேரே குசினிக்குப் போனாள். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சித்தி உங்கடை கலியாணம் முடிஞ்சாப் பிறகுதானே சுவிசுக்குப் போனவா? அப்ப ஏன் ஒரு படத்திலையும் இல்லை? காய்ச்சல் எண்டாலும் சொந்த அக்காவுக்குத் தாலி கட்டேக்கை எழும்பி வந்து நிக்கமாட்டாவோ?"

துருவிய கை நின்றது. அக்கா அன்றைக்கு முழுவதையும் சொன்னாள்; சொல்லச் சொல்ல அழுதாள். எனக்காக அழுதாளா, பிடிபட்டதற்காக அழுதாளா என்று நான் ஆராயவில்லை. அத்தானுக்கும் அன்றுதான் தெரியும். "அப்ப நான் தாலி கட்டினது துடக்கு வீட்டிலையோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். மனிசனுக்கு அதுதான் கவலை.

நிரோஜா என்னைத் தேடிக் கிணற்றடிக்கு வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"சித்தி, அப்பாவைக் கொண்டு கீரிமலையிலை அந்தியேட்டி செய்விக்கப்போறன். வாற வெள்ளிக்கிழமை. வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் இனி இஞ்சை கிடந்து கஷ்டப்பட வேண்டாம். போகலாம்."

"எங்கை போறது?"

"தெரியேல்லை. நல்ல இடத்துக்கு."

நல்ல பிள்ளை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள். இத்தனை வருஷம் நாதியற்று நின்றவளை ஒரு சீவன் சித்தி என்று கூப்பிடுகிறது, கூப்பிட்ட வாயாலேயே போ என்கிறது. நல்ல இடமாம். போய்வந்து சொன்னவர் யார்? எனக்குப் பயமாக இருந்தது, வைரவரே. தனியாகப் போக எனக்கு விருப்பமில்லை. தனியாக இருந்தது போதும்.

செத்தவரின் பொருள் ஏதாவது ஒன்று கொண்டுவரும்படி ஐயர் சொன்னாராம். வளவைத் தோண்டினால் அயலட்டம் எட்டிப் பார்க்கும். "உங்கடை ஏதாவது மிச்சம் இருக்கோ சித்தி?" என்று கேட்டாள். என் வெள்ளிக் கொலுசு விழும்போது கழன்று கிணற்றுக்குள் போனது என்றும், தண்ணீர் மட்டத்தில் படிக்கல் இடுக்கில் செருகிக் கிடக்கிறது என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் கீரிமலைக்கு வான் பிடிக்கப் போயிருந்தார். அக்கா சாமியறையில். நிரோஜா தலை முழுகிவிட்டு, ஈரப் பாவாடையோடு படிக்கல்லைப் பிடித்து இறங்கினாள். ஆகக் கீழே உள்ள கல் ஆடும் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

நான் தள்ளவில்லை. ஒரு வாழையிலையை அசைக்கவே எனக்குப் பெரும்பாடு. அவளுக்கு நீந்தத் தெரியாது என்பது தெரியும். அவளே ஒரு முறை சிரித்துக்கொண்டு சொன்னதுதான். உள்ளே இருந்து சித்தி, சித்தி என்று கூப்பிட்டாள். "இஞ்சைதான் நிக்கிறன்" என்று கிணற்றுக்கட்டில் இருந்தபடி சொன்னேன். அதுவும் பொய்யில்லை. கொலுசு மட்டும் அங்கே இல்லை. அது என் காலோடு கதலிக்குக் கீழே கிடக்கிறது.

அவளுக்கு அந்தியேட்டி செய்தால் அவளும் போய்விடுவாளே, பிறகு என்ன லாபம் என்று நீங்கள் யோசிக்கலாம். எனக்கு அக்காவைத் தெரியும். கிணற்றில் பிள்ளை செத்தால் பொலிசு வரும், வளவைச் சுற்றிப் பார்க்கும். அத்தான் வானை ஒழுங்கையில் விட்டுவிட்டு வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, வாயைத் திறந்தார். அக்கா அதைப் பொத்தினாள். அதே கை.

"கத்தாதேங்கோப்பா. பொலிசு வந்தால் எல்லாத்தையும் தோண்டுவாங்கள். தர்சியும் வெளியிலை வருவாள். பிள்ளை சுவிசுக்குப் போயிட்டாள் எண்டு சொல்லுவம். சித்தியிட்டைப் போயிட்டாள்."

வானைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது என் பாத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்தி; மேலே புதிதாக ஒரு கதலிக் குட்டி வைத்திருக்கிறார்கள். அக்கா விடியவிடிய அதன் அருகில் போய் இருந்து வயிற்றில் அடித்து அழுகிறாள். எனக்காக அப்படி ஒரு நாளும் அழவில்லை. பரவாயில்லை, அவளுக்காவது கிடைக்கட்டும்.

இனி நாங்கள் இரண்டு பேரும் சந்தோசமாக இருக்கலாம் என்று பார்த்தால், பெட்டை என்னைப்போலப் பேயாகக் கிணற்றடியில் எழும்பின கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாயிடம் ஓடி அம்மா, அம்மா என்று கத்தினாள். அம்மாவுக்குக் கேட்காது என்று நான்தான் ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் ஒழுங்கையால் ஓடி வந்து உங்கள் காலில் விழுந்தாள். நீங்களும் நாயைத் தள்ளிப் படுக்கவிட்டு இடம் கொடுத்திருக்கிறீர்கள். என்னைத் தாண்டவிடாத கல் அவளை எப்படி விட்டது? எனக்கொரு சட்டம், அவளுக்கொரு சட்டமா?

சரி, இன்றைக்கே அனுப்ப வேண்டாம். பிள்ளை களைத்திருப்பாள். நான் இந்தக் கல்லடியிலேயே இருக்கிறேன், எனக்கு வேறு என்ன வேலை. அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். என்னை அனுப்பிவிடப் பார்த்ததற்காக எனக்கு அவளில் ஒரு கோபமும் இல்லை. சித்தி மன்னித்துவிட்டாள், பயப்படாமல் வெளியே வரலாம் என்று சொல்லுங்கள்.