தூரத்து லாட்ஜ்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். சென்னையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அந்த அம்மாவின் மடியில் காப்பித்தூள் பை.

"ஏனுங்க, லாட்ஜு போடறதுன்னா நொம்பத் தூரத்துல இருக்கறதாப் பாத்துப் போடுங்க."

லாட்ஜைத் தூரத்தில் தேடும் ஆளை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேச்சைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை.

"தூரத்துல எதுக்கு? ஸ்டேஷன் பக்கமுன்னா எறங்குனதும் போயிரலாம்."

"ஊட்டுக்கு வாங்கன்னு பையன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலீங்களே. ஸ்டேஷன் பக்கமுன்னா, செரி சௌகரியமா இருக்கறாங்கன்னு உட்டுருவான். தாம்பரத்தத் தாண்டித் தங்கறோம்னு சொன்னாத்தான், அங்க ஏம்மா கெடந்து சிரமப்படறீங்க, ஊட்டுக்கு வாங்கம்பான்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று கொண்டை ஊசி வளைவுகள் கடந்தன.

"ரூம் போட்டாச்சு புள்ள."

"எப்பங்க? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"நான் போடல. அவனே போட்டுட்டான். ஸ்டேஷனுக்கு எதுத்தாப்பலயே. நீங்க திரும்பிப் போறதுக்கும் சௌகரியம்னான்."