வெள்ளிக்கிழமை அரிசி

டோரதி: ஒருநாள் உங்க மௌரீன் கிளாஸ்ல எழுந்து நின்னு என்னைக் கேட்டாம்மா... "மிஸ், ஏழைங்களுக்கு அவங்க ஏழைன்னு தெரியுமா?"ன்னு.

பிரிஜெட்: நீங்க இன்னா சொன்னீங்க?

டோரதி: சிரிச்சேன். கிளாஸே சிரிச்சுது. "நல்ல கேள்வி, உக்காரு"ன்னேன்.

பிரிஜெட்: உக்காந்துட்டா.

டோரதி: உக்காந்துட்டா.

பிரிஜெட்: ம்... இதச் சொல்லவா இந்த வெயில்ல நடந்து வந்தீங்க, டோரதி மிஸ்? நாலாங்கிளாஸ் ரெஜிஸ்டர்ல அவ பேர அடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஆனேக்கல் பஸ்ல ஏத்திடப் போறேன்.

டோரதி: ஆனேக்கல்லா? அங்க யாரு இருக்கா?

பிரிஜெட்: எங்க வூட்டுக்காரர் தம்பி. பட்டுப்புழு வளக்கறாரு. எல கிள்ளிப் போட்டா மூணு வேள சோறு. அங்க யாரும் இவளுக்கு நட்சத்திரம் ஒட்ட மாட்டாங்க.

டோரதி: பத்து வயசும்மா அவளுக்கு.

பிரிஜெட்: வயசு எனக்கும் தெரியும். நாந்தான் பெத்தேன்.

டோரதி: நான் அவள ஒரு தடவ...

பிரிஜெட்: தூங்கறா.

டோரதி: சாக்குப் படுதாவுக்குக் கீழ காலு ஆடுதே?

பிரிஜெட்: தூக்கத்துல ஆட்டுவா. அவங்கப்பா மாதிரி.

டோரதி: ஒம்பது நாளா ஸ்கூலுக்கு வரல... காய்ச்சலா?

பிரிஜெட்: காய்ச்சல்னா கஷாயம் வெச்சுக் குடுத்திருப்பேன். சோறு தொட மாட்டேங்கறா மிஸ். நீங்கெல்லாம் வந்து குடுத்துட்டுப் போன அரிசி... வடிச்சு வெச்சா மூஞ்சத் திருப்பிக்கறா. பக்கத்து வூட்டு ருக்கு ராகிக் களி குடுத்தா ரெண்டு வாய் முழுங்கறா. இந்தச் சோறுன்னா "எனக்கு வாணாம்". அவ்ளோதான். வேற பேச்சே கிடையாது.

டோரதி: ...அது நான் சொல்லிக் குடுத்ததுதான்.

பிரிஜெட்: இன்னாது?

டோரதி: ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமையெல்லாம் பிள்ளைங்க வீட்டுலேர்ந்து ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரணும். டின்ல போட்டதும் அது ஏழைங்களோடது. அதுல ஒரு மணிய நாம திருப்பி எடுத்தாலும் பாவம்னு... போர்டுல பெரிசா எழுதியே வெச்சேன்.

பிரிஜெட்: அப்ப எம்பொண்ணு தொடக்கூடாத அரிசி.

டோரதி: கிளாஸ்லயே அதிகமாப் போட்டு, சார்ட்டுல நெறைய நட்சத்திரம் வாங்கினது அவதான். அதனாலதான் நீல ரிப்பன் குத்தி, ஏழை வீட்டுக்குக் குடுக்கப் போற வரிசைக்கு முன்னால நிக்க வெச்சு, அரிசி மூட்டைய அவ கையில குடுத்தேன்.

பிரிஜெட்: நாப்பது புள்ளைங்க. பாட்டு. போட்டோ புடிக்க ஒரு வெள்ளக்காரம்மா. சந்துல இருக்கற சனமெல்லாம் வாசலுக்கு வந்துடுச்சு. இன்னாடா கலாட்டான்னு நானும் இந்தப் பச்சக் கதவத் தொறக்கறேன்... எம்பொண்ணு நிக்கறா. "சேசுநாதர் பேரால ஏத்துக்கோங்கம்மா"ங்கறா. என் மூஞ்சப் பாக்கல. காலப் பாத்துக்கினு சொல்றா.

டோரதி: நீங்களும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டீங்க.

பிரிஜெட்: பின்ன? நான் பெத்ததே எனக்குத் தர்மம் போடுதுன்னு அவ்ளோ பேர் முன்னாடி கூவணுமா?

டோரதி: கோயில் சபைக்காரங்க குடுத்த ஏழைங்க லிஸ்ட்ல உங்க வீட்டுக்காரர் பேரு "ஓஸ்வால்ட், நோயாளி"ன்னு இருந்துச்சு. என் ரெஜிஸ்டர்ல "மௌரீன் ஓ."ன்னு இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாக்கணும்னு தோணல.

பிரிஜெட்: தோணாதுதான். லிஸ்ட்ல பேரு ஏறிட்டா நாங்க வேற ஆளுங்களா ஆயிடறோம்.

டோரதி: ...இல்லம்மா. பாதிய மறைச்சுட்டுப் போக நான் வரல. சந்துல திரும்பும்போதே அவ நடை மாறிச்சு. கால இழுத்து இழுத்து வெச்சா. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

பிரிஜெட்: புரிஞ்சுமா...?

டோரதி: பின்னால ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் வந்துகிட்டிருந்தாங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. "நில்லுங்க பிள்ளைங்களா, வீடு மாறிடுச்சு"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல. பாட்ட இன்னும் சத்தமாப் பாடச் சொன்னேன். திட்டுங்கம்மா.

பிரிஜெட்: திட்டி இன்னா ஆகப் போவுது? ஒண்ணு கேக்கறேன். ஞாயம், தர்மம்னு பாடம் நடத்தறீங்களே... எங்க வூட்டுக்காரரு மில்லுல பதினெட்டு வருஷம் பஞ்சுத் தூசியத் தின்னாரு. புதுசா நயா பைசா காசு வந்த மாசம் ரத்தமா இருமினாரு. அடுத்த வாரமே கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல பாய் போட்டுக் கெடக்கறாரு. அந்த மில்லு வாசல்ல நாப்பது புள்ளைங்கள நிறுத்திப் பாட வெக்கலாமில்ல?

டோரதி: வெக்கலாம்.

பிரிஜெட்: வெப்பீங்களா?

டோரதி: ...தைரியம் இல்லம்மா.

பிரிஜெட்: ம். இதுவாவது நெஜம். இந்தாங்க, சொல்ப தண்ணி குடிங்க. வேர்த்துப் போயிட்டீங்க.

டோரதி: அவகிட்ட இங்கேருந்தே பேசட்டுமா? படுதாவ விலக்க மாட்டேன்.

பிரிஜெட்: பேசுங்க. தூங்கறவகிட்ட எவ்ளோ வேணா பேசலாம்.

டோரதி: மௌரீன்... மிஸ்தான். கண்ண மூடிக்கிட்டே கேளு. நான் போர்டுல எழுதினது தப்பு. நேத்து நானே அழிச்சிட்டேன். அரிசி பசிக்கிறவங்களோடது. அவங்க யாரா இருந்தாலும் சரி. நட்சத்திரச் சார்ட்டையும் கழட்டிட்டேன். இனிமே மூட்டைய கோயில் பக்கவாசல்ல வெச்சுட்டு வந்துடுவோம். வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும். யாரும் பாட மாட்டோம்... கேக்குதா?

மௌரீன்: கேக்குது மிஸ்.

டோரதி: அப்ப சாப்பிடறியா?

மௌரீன்: எனக்கு வாணாம்.

பிரிஜெட்: பாத்தீங்களா?

டோரதி: என் மேல கோவமா கண்ணு?

மௌரீன்: உங்க மேல இல்ல மிஸ்.

பிரிஜெட்: விடுங்க மிஸ். அவளக் கேக்காதீங்க. யாரு மேலன்னு எனக்குத் தெரியும்.

டோரதி: ...அந்தக் கேள்வியா?

பிரிஜெட்: உங்களுக்கும் ஞாபகம் இருக்கா?

டோரதி: கேட்டது என் வாய்தானே. அந்த வெள்ளக்காரம்மா இங்கிலீஷ்ல கேட்டாங்க, நான் தமிழ்ல உங்களக் கேட்டேன். "இந்தக் கொழந்தைய முன்ன பின்ன பாத்திருக்கீங்களா?"ன்னு.

பிரிஜெட்: "தெரியாதுங்க"ன்னேன். மூட்டைய வாங்கிக்கினு, அவ மூஞ்சிக்கு நேரா. புள்ள மானம் போயிடக் கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன்... இல்ல மிஸ். என் மானந்தான். ஒம்பது நாளா உங்க மேலயும் ஸ்கூலு மேலயும் பழியப் போட்டுக்கினு கெடக்கறேன். ஆனேக்கல்லுக்கு அனுப்பறதுகூட... அவ கண்ணப் பாக்க முடியாமத்தான்.

டோரதி: இத நீங்க சொல்ல வேண்டியது என்கிட்ட இல்லம்மா.

பிரிஜெட்: இன்னான்னு சொல்றது?

டோரதி: நான் கெளம்பறேன். போகும்போது கதவ இழுத்துச் சாத்திடறேன்.

பிரிஜெட்: இருங்க மிஸ்... தனியா எனக்கு வாய் வராது.

டோரதி: ஒரு தடவ நின்னு வேடிக்கை பாத்துட்டேன். போதும். ஸ்தோத்திரம் பிரிஜெட்மா.

பிரிஜெட்: ஸ்தோத்திரம்...

பிரிஜெட்: ...மௌரீன். ஏய். மிஸ் போயிட்டாங்க.

மௌரீன்: தெரியும்.

பிரிஜெட்: எல்லாத்தையும் கேட்டுக்கினுதானே இருந்தே?

மௌரீன்: ம்.

பிரிஜெட்: அப்ப... மறுபடியும் சொல்லணுமா?

மௌரீன்: வாணாம்.

பிரிஜெட்: இல்ல, சொல்றேன். உங்கிட்ட சொல்லணும். உன்னத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்டி. நீ பொறந்தப்ப மூணு நாள் அழவேயில்ல. உன்னத் தூக்கிக்கினு கோயில் கோயிலா ஓடினவ நான். உன் தலையில எத்தன சுழின்னு தெரியும் எனக்கு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

மௌரீன்: அழாதம்மா.

பிரிஜெட்: படுதாவ விட்டு வெளிய வா. இங்க உக்காரு. காலையில வடிச்சதுதான், நல்லாத்தான் இருக்கு. உப்பு போட்டுப் பெசஞ்சிருக்கேன். வாயத் தொற.

மௌரீன்: நீ மொதல்ல.

பிரிஜெட்: எனக்குப் பசியில்ல.

மௌரீன்: வெள்ளிக்கிழமையும் இதயேதான் சொல்லுவே. தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குவே. நீ டின்னுக்கு ஒரு பிடிதான் அளந்து குடுத்தே... நீ கொழாயடிக்குப் போனப்புறம் நான் இன்னும் ரெண்டு பிடி எடுத்தேம்மா. ரிப்பனுக்கு.

பிரிஜெட்: தெரியும்.

மௌரீன்: தெரிஞ்சும் ஏன் அடிக்கல?

பிரிஜெட்: நல்ல காரியத்துக்குத்தானேன்னு விட்டுட்டேன்.

மௌரீன்: தட்ட என்கிட்ட குடு. ஆ காட்டு.

பிரிஜெட்: ஏய், இன்னாடி இது...

மௌரீன்: ஆ காட்டும்மா. கதவு சாத்தித்தான் இருக்கு. யாரும் பாக்கல.

பிரிஜெட்: ஆ...

மௌரீன்: இன்னொரு வாய்.

பிரிஜெட்: போதும்டி. இப்ப நீ சாப்பிடு.

மௌரீன்: இன்னும் இருக்கு. முழுங்கு.

பிரிஜெட்: தெரியாதுன்னு சொன்னவளுக்கா ஊட்டறே?

மௌரீன்: நீ சொன்னதுக்கு இல்லம்மா நான் சாப்பிடாம இருந்தது. அதுக்கு முன்னாடியே... சந்து முனையில, பக்கத்துல நடந்து வந்த கிளாரன்ஸ் கேட்டான், "அந்தப் பச்சக் கதவு யாரு வீடு?"ன்னு. "யாரோ ஏழைங்க"ன்னு சொல்லிட்டேன்.